மதுசூதனரும் சென்னை மாநகரும்

வங்க இலக்கியத்தின் மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசப் புகுவோர் மைக்கேல் மதுசூதன தத்தரின் பெயரைச் சொல்லாமல் அப்பால் செல்ல இயலாது. பெற்றோர் பேசி வைத்த மணத்தை மறுத்தவர் அவர். பிறந்த சமயத்தைத் துறந்தவர். பல நூற்றாண்டுகளாக வழங்கி வந்த யாப்பின் தளையை அறுத்தவர். இராமகாதையை இராவணன் அரண்மனையில் நின்றுகொண்டு பாடியவர். இத்தகைய கலகக் கவிஞரைப் பற்றித் தமிழர்தம் ஆண்டு விழா மலரில் எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம்.

அவர் தமது இருபத்து நான்காம் வயது முதல் முப்பத்திரண்டாம் வயது வரை எட்டாண்டுகள் நம் சென்னை மாநகரில் வாழ்ந்தார் என்பதே அதற்கு விடை. நாம் தமிழகத்தை விட்டுப் பிழைப்புக்காகக் கொல்கத்தா வந்தவர்கள். அவரோ இவ்வூரை விட்டுப் பிழைப்புக்காக நம்மூர் சென்றவர். இங்கே கலகம் செய்யக் கற்ற அவர், தம் தாய்மொழியின் அருமையை உணரத் தொடங்கியது அங்கே. வங்கத்தில் வங்காளியாக இருந்தவரை வங்க மொழியை அவர் மதித்தாரில்லை. அம்மொழி காதில் விழாத ஊரில் குடியிருந்தபோதுதான் அது தம் நாவிலிருந்து நழுவுவதை அறிந்து திடுக்கிட்டார். இந்த வரலாறு நம் வீடுகளிலும் பேசப்பட வேண்டியது என்று கருதுகிறோம்.

கிதிர்ப்பூர் வீடும் ஹிந்துக் கல்லூரியும்

மதுசூதனர் 1824 ஜனவரி 25ஆம் நாள் ஜெசூர் மாவட்டத்துச் சாகர்தாரி என்னும் சிற்றூரில் பிறந்தார். கபோதாட்ச நதிக்கரையில் உள்ள அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் அமைந்திருக்கிறது. தந்தையார் ராஜ்நாராயண் தத்தர் கல்கத்தாவில் சதர் திவானி அதாலத்தில் பெயர்பெற்ற வக்கீல். கிதிர்ப்பூரில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. கார்டன் ரீச்சில் உள்ள ரயில்வே தலைமை அலுவலகத்துக்கு நாள்தோறும் செல்லும் நம்மவர் பலர் அந்தக் கிதிர்ப்பூரைக் கடந்தே செல்கின்றனர். துறைமுகத்து லாரிகள் நெருக்கும் அப்பகுதியில்தான் அக்கவிஞரின் பள்ளிப் பருவம் கழிந்தது.

தந்தையார் அவரை ஹிந்துக் கல்லூரியில் சேர்த்தார். 1817இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரி சாதாரணக் கல்லூரி அன்று. டெரோசியோ என்னும் இளம் ஆசிரியர் அங்கே மாணவர்களுக்கு எதையும் வினவிப் பார்க்கும் பழக்கத்தை ஊட்டியிருந்தார். அதற்காகவே பதவி இழந்து 1831இல் இருபத்திரண்டு வயதில் மாண்டும் போனார். மதுசூதனர் அவரிடம் பயின்றவரல்லர். ஆயினும் டெரோசியோ மூட்டிய நெருப்பின் வெம்மை அக்கல்லூரிச் சுவர்களில் ஆறாதிருந்தது. ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் ஷேக்ஸ்பியரைப் பாடம் சொன்ன திறம் மாணவர் மனத்தை முழுதும் ஆட்கொண்டது. பூதேவ் முகோபாத்தியாயர், ராஜ்நாராயண் பாசு, கௌர்தாஸ் பைசாக் ஆகியோர் உடன் பயின்ற தோழர்கள். மதுசூதனர் ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். ஆங்கிலேயர் போல உடுத்தினார். இங்கிலாந்து சென்று பெருங்கவியாவது ஒன்றே அவர் கண்ட கனவு. வங்க மொழி வேலைக்காரரிடம் பேசுதற்குரியது என்பதே அக்காலத்து ஆங்கிலம் கற்ற இளைஞர் பலரின் எண்ணம். அவரும் அதற்கு விலக்கல்லர்.

பெற்றோர் அவருக்கு மணம் பேசினர். முன்பின் காணாத சிறு பெண்ணை மணக்க அவர் உடன்படவில்லை. 1843 பிப்ரவரி 9ஆம் நாள் ஓல்டு மிஷன் தேவாலயத்தில் கிறிஸ்தவரானார். உறவினர் இடையூறு செய்யாதிருக்கும் பொருட்டு அதற்கு முந்தைய சில நாட்கள் வில்லியம் கோட்டைக்குள்ளேயே அவரை வைத்திருந்தனர் என்றால், நகரம் எவ்வளவு கொந்தளித்தது என்பதை நாமே உய்த்துணரலாம். ஹிந்துக் கல்லூரியில் கிறிஸ்தவருக்கு இடமில்லை. ஆகவே சிப்பூரில் இருந்த பிஷப் கல்லூரியில் சேர்ந்து கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் கற்றார். சில ஆண்டுகள் செலவுக்குப் பணம் தந்துவந்த தந்தையார் பின்னர்க் கையை மூடிக்கொண்டார். கல்கத்தாவில் அவருக்கு வேலை கிட்டவில்லை. கல்லூரியில் உடன் பயின்ற சென்னை மாணவர் சிலரின் தொடர்பால், தெற்கே சென்று பார்ப்போம் என்று துணிந்தார்.

கப்பலேறிச் சென்னைக்கு

இன்று கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறினால் ஒரு நாளும் சில மணி நேரமும் கழிந்ததும் சென்னையில் இறங்குகிறோம். அன்று இவ்விரு நகரங்களையும் இணைக்கும் இருப்புப் பாதை இல்லை. ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் வண்டி ஓடியது 1854 ஆகஸ்டில். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது 1856 ஜூலையில். அதற்குச் சில மாதங்கள் முன்னரே மதுசூதனர் சென்னையை விட்டுவிட்டார். ஆதலின் போவதும் வருவதும் கடல்வழியே ஆயின. கடிதங்களும் அவ்வாறே மெல்ல நடந்தன.

1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னை வந்து சேர்ந்தார். கையில் காசில்லை, அறிந்தவர் மிகச் சிலர். ஆதரவற்ற சிறார்க்கான பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. அவ்வாண்டிலேயே ரெபெக்கா என்னும் பெண்ணை மணந்தார். 1852இல், பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தைச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில் பத்திரிகைத் தொழில். அதீனியம், ஸ்பெக்டேட்டர், ஹிந்து குரோனிகிள் முதலிய சென்னை ஆங்கிலப் பத்திரிகைகளோடு அவருக்குத் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் வக்கீல் வீட்டுச் செல்வப் பிள்ளையாகத் திரிந்தவர், மாதச் சம்பளம் வாங்கிக் குடித்தனம் செய்யக் கற்றது சென்னையிலேதான்.

1849இல் ‘தி கேப்டிவ் லேடி’ என்னும் ஆங்கிலக் காவியத்தைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். பிருதிவிராசன், சம்யுக்தை கதை அது. சென்னையில் சிலர் பாராட்டினர். கல்கத்தாவிலோ அது விலைபோகவில்லை. பத்திரிகை விமரிசனமும் கடுமையாக வந்தது. தோழர் கௌர்தாஸ் அந்நூலைக் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த பெத்தூன் துரைக்கு அனுப்பினார். பெண் கல்விக்காக அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் பள்ளி தொடங்கிய பெத்தூன் இவரே. ஆங்கிலம் பயின்று பெற்ற சுவையையும் திறனையும் தம் சொந்த மொழியின் கவிதையை உயர்த்துவதில் செலவிடுமாறு அவ்விளைஞருக்குச் சொல்லுங்கள் என்பது அவர் எழுதிய விடையின் கருத்து. ஆங்கிலேயர் ஒருவர் வங்காளிக்கு வங்க மொழியைக் காட்டிய விந்தையை என்னென்பது!

நழுவிய மொழி

இந்த அறிவுரை பாறைமேல் விழுந்த விதையன்று. நிலம் முன்னமே நெகிழ்ந்திருந்தது. அதே 1849இல் மதுசூதனர் கௌர்தாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், காசிராம் தாசரின் வங்க மகாபாரதத்தையும், சீராம்பூரில் அச்சான வங்க இராமாயணத்தையும் அனுப்பி வைக்குமாறு வேண்டுகிறார். தம்முடைய வங்க மொழி சொல்லி முடியாத வேகத்தில் தம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்றும் அதில் குறிக்கிறார். சென்னைக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆவதற்குள் எழுதப்பெற்ற வாசகம் இது.

இதனைப் படிக்கையில் நம் நெஞ்சு துணுக்குறுகிறது. இருபத்து நான்கு ஆண்டு வங்கத்திலே வாழ்ந்து, தாயின் மடியில் காசிராம் தாசரின் பாரதத்தைக் கேட்டு வளர்ந்தவருக்கே மொழி இவ்வளவு விரைவில் மங்குமானால், இங்கேயே பிறந்து, வீட்டுக்கு வெளியே வங்கமும் ஹிந்தியும், பள்ளியிலே ஆங்கிலமும் பேசி வளரும் நம் குழந்தைகளைப் பற்றி என்ன சொல்வது? மொழி இரத்தத்தில் ஊறியது, எங்கும் போகாது என்று சிலர் ஆறுதல் கூறுவர். மதுசூதனரின் கடிதம் அந்த ஆறுதலைப் பொய்யாக்குகிறது.

அவர் புலம்பியதோடு நில்லாமல் ஒரு காலமுறை வகுத்துக் கொண்டார். அதனையும் நண்பருக்கு எழுதியிருக்கிறார். காலை 6 முதல் 8 வரை ஹீப்ரு. 8 முதல் 12 வரை பள்ளி வேலை. 12 முதல் 2 வரை கிரேக்கம். 2 முதல் 5 வரை தெலுங்கும் சமஸ்கிருதமும். 5 முதல் 7 வரை லத்தீன். 7 முதல் 10 வரை ஆங்கிலம். தமிழும் கற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இத்தனையும் எதற்காக? தம் முன்னோர் மொழியை அணி செய்யவே தாம் ஆயத்தமாவதாக அவரே காரணம் சொல்லுகிறார். பிறமொழி பயில்வது தாய்மொழிக்குப் பகை என்று எண்ணுவோர் இதனைக் கருதவேண்டும். அவர் ஹோமரையும் வர்ஜிலையும் மில்டனையும் உண்டு செரித்தது, பின்னர் வங்க மொழிக்கு வலிவாயிற்று.

சென்னை அவருக்குச் செய்தது என்ன என்று கணக்கிட்டால், புகழும் பொருளும் அது மிகுதியாகத் தரவில்லை. கல்கத்தாவில் அவரைச் சுற்றிக் கைதட்டும் தோழர் கூட்டம் இருந்தது. வசைபாடும் உறவினர் கூட்டமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றவருக்கு எதிர்த்துப் பேசுவதற்கே பொழுது போதியது. சென்னையில் அவர் யாரோ ஒரு பள்ளி ஆசிரியர். எதிர்க்க ஆளில்லாத இடத்தில் கலகக்காரன் தன்னையே உற்று நோக்க நேர்கிறது. அந்தத் தனிமையும் ஒழுங்கான உழைப்புமே சென்னை தந்த கொடை.

லால்பஜாரில் ஒரு குமாஸ்தா

தாயார் முன்னரே இறந்திருந்தார். தந்தையாரும் 1855இல் காலமானார். சொத்து உறவினர் கையில் சிக்கியிருக்கும் செய்தியறிந்து 1856 பிப்ரவரியில் மதுசூதனர் கல்கத்தா திரும்பினார். ரெபெக்காவும் நான்கு குழந்தைகளும் சென்னையிலேயே நின்றுவிட்டனர். அவர்களோடு அவர் மீண்டும் சேரவில்லை. ஹென்றியெட்டா என்னும் மாது பின்னர்க் கல்கத்தா வந்து இறுதிவரை அவருடன் வாழ்ந்தார். பெருங்கவிஞர் என்பதற்காக இந்தக் குற்றத்தை நாம் மூடி மறைக்க வேண்டுவதில்லை. காவியத்தின் விலையில் ஒரு பகுதியைச் சென்னையில் ஒரு தாயும் நான்கு மக்களும் செலுத்தினர் என்பதையும் எழுதி வைப்பதே வரலாற்றுக்கு அழகு.

வயிற்றுப்பாட்டுக்காக அவர் லால்பஜார் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தாவானார், பிறகு மொழிபெயர்ப்பாளரானார். பகலில் வழக்குத் தாள்கள். மாலையில் புத்தகங்கள். நம்மனோரில் பலருக்கு இந்த வாழ்க்கை அந்நியமானதன்று.

அப்பொழுது பைக்பாரா ஜமீன்தார் சகோதரர்கள் பெல்கச்சியா மாளிகையில் நாடக அரங்கு நடத்தி வந்தனர். 1858இல் ‘ரத்னாவளி’ நாடகத்தைப் பெரும்பொருட் செலவில் மேடையேற்றினர். அதனைக் காணவரும் ஆங்கிலேயருக்காக நாடகத்தை மொழிபெயர்க்கும் பணி கௌர்தாஸின் முயற்சியால் மதுசூதனருக்குக் கிடைத்தது. இவ்வளவு எளிய நாடகத்துக்கா இவ்வளவு பணம் என்று அவர் வருந்தினார். தாமே வங்க மொழியில் நாடகம் எழுதப்போவதாகக் கூறியபோது நண்பர்கள் நகைத்தனர். அவருடைய வங்க மொழி அறிவு எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியுமன்றோ! சில மாதங்களில் ‘சர்மிஷ்டா’ உருவாயிற்று. 1859இல் அச்சேறி, அவ்வாண்டே பெல்கச்சியாவில் நடிக்கவும் பெற்றது.

அடுத்து யாப்பைப் பற்றி ஒரு வழக்கு எழுந்தது. வங்கத்தின் பழைய யாப்புக்குப் பயார் என்று பெயர். அடிக்குப் பதினான்கு எழுத்து. எட்டாம் எழுத்தில் ஒரு நிறுத்தம். ஈரடிகளின் இறுதி ஒத்தொலிக்கும். நாம் இயைபு என்று சொல்லுவதை ஒத்தது அது. சொல்லும் பொருளும் பெரும்பாலும் அவ்வீரடிக்குள்ளே முடிந்துவிடும். இயைபின்றி எழுத வங்க மொழிக்கு வலிமை போதாது என்றார் ஜதீந்திரமோகன் தாகூர். முடியும் என்றார் மதுசூதனர். அந்தச் சூளுரையின் பயனே 1860இல் வந்த ‘திலோத்தமா சம்பவம்’. பதினான்கு எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு இறுதி இயைபை நீக்கினார். பொருள் அடியைக் கடந்து ஓடி, வேண்டிய இடத்தில் நிற்கும்படி செய்தார். நம் அகவலில் பொருள் அடி கடந்து நடப்பதை அறிந்த தமிழருக்கு இதன் சுவை எளிதில் விளங்கும். வங்காளிகளுக்கு அது புத்தம் புதிய நடை.

மேகநாதன் மாண்ட கதை

1861இல் வெளிவந்தது ‘மேகநாத வதம்’. ஒன்பது சருக்கங்கள். இலங்கைப் போரின் ஒரு சிறு பகுதியே கதை: மகன் வீரவாகு இறந்த செய்தி இராவணனுக்கு எட்டுவதில் தொடங்கி, இந்திரசித்தாகிய மேகநாதனின் ஈமச் சடங்கோடு முடிகிறது. நம் கம்பனில் நிகும்பலை யாகம் குலைந்தபின் பெரும்போர் மூண்டு, இலக்குவன் அம்பினால் இந்திரசித்து வீழ்கிறான். மதுசூதனர் காவியத்திலோ, கோயிலுக்குள் ஆயுதமின்றி வழிபடும் மேகநாதனை வீடணன் துணையோடு புகுந்து இலக்குவன் கொல்லுகிறான். படிப்பவர் கண்ணீர் இலங்கையின் பக்கமே வழிகிறது. இராவணன் மகனை இழந்த தந்தையாகவும், தன் நாட்டைக் காக்கப் போராடும் வேந்தனாகவும் நம்முன் நிற்கிறான்.

இராமனையும் அவன் சேனையையும்விட இராவணனே தம் கற்பனையைக் கிளறுகிறான் என்று அவர் நண்பர்க்கு எழுதினார். தந்தையோடு மாறுபட்டுப் பிரிந்து, அவர் இறந்த பின்னர் வீடு திரும்பிய ஒரு மகன், மகனை இழந்த தந்தையின் துயரை இத்தனை உருக்கமாகப் பாடியதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்திரசித்தின் வீரத்தைக் கம்பனும் மனமாரப் போற்றியவனே. அதுகொண்டு மதுசூதனர் சென்னையில் கம்பனிடம் கடன் பெற்றார் என்று உரிமை கொண்டாட நாம் துணியோம். அவர் தேடி வரவழைத்தவை வங்க மொழி இராமாயணமும் பாரதமுமே.

காவியத்தைப் பற்றிப் பண்டிதர் பலர் முகம் சுளித்தனர். நகரம் வாளா இருக்கவில்லை. காளிபிரசன்ன சிங்கர் என்னும் இளைஞர் 1861 பிப்ரவரியில் தம் வித்யோத்சாகினி சபையின் சார்பில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்து வெள்ளிப் பாத்திரம் பரிசளித்தார். வரவேற்புரைக்கு மதுசூதனர் வங்க மொழியிலேயே மறுமொழி கூறினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் இருந்துகொண்டு, மொழி நழுவுகிறதே என்று கடிதம் எழுதியவர் இவர்தாம். பதினாறு வயதில் அக்காவியத்தைக் கடுமையாகச் சாடிக் கட்டுரை எழுதிய இரவீந்திரநாத தாகூரும், பிற்காலத்தில் அது இளமைத் துடுக்கு என்று ஒப்புக்கொண்டார்.

மீண்டும் அயலூர்

இளமைக் கனவு அவரை விடவில்லை. 1862இல் பாரிஸ்டர் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். பணமுடையால் குடும்பத்தோடு பிரான்சில் வெர்சேல்ஸ் நகரில் தங்க நேர்ந்தது. ஈசுவரசந்திர வித்யாசாகர் அனுப்பிய பணமே அவர்களைச் சிறையிலிருந்தும் பட்டினியிலிருந்தும் காத்தது. அந்தக் குளிர்நாட்டில் இருந்துகொண்டு அவர் எழுதிய பதினான்கடிப் பாக்களில் ஒன்று கபோதாட்ச நதியைப் பற்றியது. ஊரில் இருந்தபோது பாடாத ஆற்றை நெடுந்தொலைவில் இருந்து பாடினார். சென்னையில் தொடங்கிய பாடம் வெர்சேல்ஸில் முற்றுப்பெற்றது என்று சொல்லலாம்.

1867இல் பாரிஸ்டராகத் திரும்பியும் வாழ்வு சிறக்கவில்லை. வரவுக்கு மிஞ்சிய செலவும் கடனும் குடியும் அவரை வீழ்த்தின. உத்தர்பாராவில் ஜெயகிருஷ்ண முகர்ஜியின் நூலகக் கட்டடத்தில் சிலகாலம் தங்கினார். ஹென்றியெட்டா மறைந்த மூன்றாம் நாள், 1873 ஜூன் 29 அன்று, மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது நாற்பத்தொன்பது. மல்லிக் பஜார் சந்திப்பை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது. வங்கத்தில் பிறந்த வழிப்போக்கனைச் சற்றே நின்று போகுமாறு அழைக்கும் அவர் பாடல் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அதில் தம்மைப் பெற்ற ஊரையும் நதியையும் பெற்றோரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். அவர்களை விட்டு ஓடியவர், கல்லிலே அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

நமக்குரிய பாடம்

நாம் வங்கத்தில் பிறந்தவர்கள் அல்லேம். ஆயினும் அவ்வழியே செல்லும்போது சற்றே நிற்க நமக்கும் உரிமையுண்டு. நம்மூர் அவருக்குச் சோறிட்டது. இவ்வூர் நமக்குச் சோறிடுகிறது. இடையில் கைமாறிய பொருள் ஒன்று உண்டு: அயலூரில் இருப்பவனுக்கே தன் மொழியின் குரல் தெளிவாகக் கேட்கும் என்னும் உண்மை. ஆனால் கேட்டால் மட்டும் போதாது. நூலை வரவழைக்க வேண்டும். நாள்தோறும் நேரம் ஒதுக்க வேண்டும். பிழையாக எழுதினாலும் கூசாமல் எழுத வேண்டும். மதுசூதனர் செய்தவை இம்மூன்றே.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நாடகமும் இசையும் சிறப்பாக நடைபெறுகின்றன, மகிழ்கிறோம். விழா முடிந்த மறுநாள் காலையில் நம் வீட்டுச் சிறுவனோ சிறுமியோ ஒரு பக்கம் தமிழ் வாசிக்கிறார்களா என்பதே நாம் பார்க்க வேண்டியது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடி வாங்கும் அக்கறையில் பாதியைத் தமிழ்ப் புத்தகத்தின்மேல் வைத்தால் போதும். வங்கமும் ஹிந்தியும் ஆங்கிலமும் அவர்கள் நன்றாகவே கற்கட்டும். அவற்றால் பெற்ற வலிவெல்லாம் ஒருநாள் தமிழுக்கு வந்து சேரும். சென்னை ஒரு வங்கக் கவிஞரை வங்கத்துக்குத் திருப்பித் தந்தது. கொல்கத்தாவும் நம் பிள்ளைகளுள் ஒருவரைத் தமிழுக்கு அவ்வாறு தருமாக!